ஆண் பிள்ளைகள் வளரும் வீடு: கேட்டதும் சொன்னதும்

எனக்கு மூன்றும் பையன்கள். பெரியவனுக்கு 19, நடுவுளவனுக்கு 16, சின்னவனுக்கு 10. மதுரையில் குழந்தைகள் வார்டில் 22 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். பையன்களை வளர்ப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னேன், நிறையக் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எனக்கு 6 வயதிலும் 4 வயதிலும் பையன்கள். கண் முழித்ததிலிருந்து ஒருவன் மேல் ஒருவன் விழுந்து உருள்கிறார்கள். சண்டையா விளையாட்டா என்றே தெரியவில்லை. கத்திக் கத்தி என் தொண்டை போய்விட்டது. (திருச்சி)

கையைப் பார்க்காதே தங்கச்சி, முகத்தைப் பார். விளையாட்டாக இருந்தால் இரண்டு முகத்திலும் சிரிப்பு இருக்கும், இப்போது கீழே கிடப்பவன் அடுத்த நிமிஷம் மேலே ஏறியிருப்பான், பெரியவன் தன் முழு பலத்தையும் காட்ட மாட்டான், பிரித்துவிட்டாலும் தேடிப் போய் மறுபடி ஒட்டிக்கொள்வார்கள். சண்டை என்றால் உதடு இறுகிவிடும், ஒருவனே தொடர்ந்து கீழே கிடப்பான், தப்பிக்க வழி பார்ப்பான். அப்போதுதான் நீ எழுந்து போக வேண்டும். மற்ற நேரம் விட்டுவிடு. எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை அவர்கள் உடம்பு அந்தப் புரளலில்தான் படிக்கிறது.

எங்கள் வீட்டில் மூன்று சட்டம். கழுத்துக்கு மேல் கை போகக்கூடாது, மாடிப்படியிலும் கட்டில் மேலும் கூடாது, "போதும்" என்று ஒருவன் சொன்னால் அந்த நொடியே மற்றவன் கையை எடுக்க வேண்டும். முதல் இரண்டில் எப்போதாவது கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன், மூன்றாவதில் ஒருநாளும் விட்டதில்லை. இன்னொருவர் வேண்டாம் என்றால் நிறுத்தத் தெரிந்த பையனாக அவன் வளர வேண்டும், அது தம்பியிடம்தான் ஆரம்பிக்கிறது.

அப்புறம், சாயங்காலம் வெளியே விடு. 5 வயதிலிருந்து 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிஷமாவது உடம்பு நன்றாக அசைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தெருவிலோ பூங்காவிலோ மொட்டை மாடியிலோ அந்த 60 நிமிஷம் கிடைக்கவில்லை என்றால் அது உன் சோபா மேல்தான் நடக்கும்.

மூன்று வயது மகன் மூக்கில் எதையாவது திணித்துக்கொள்கிறான். போன வாரம் பட்டாணி, அதற்கு முன்னால் சாக்பீஸ். ஊக்கை வைத்து எடுக்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். (விருதுநகர்)

ஊக்கு, ஹேர்பின், இடுக்கி எதுவும் வேண்டாம் மா. உருண்டையான பொருள் உள்ளே தள்ளப்படும், நழுவினால் மூச்சுக்குழாய்க்குப் போகலாம். அம்மாவே செய்யக்கூடிய ஒரு முறை உண்டு, மருத்துவத்தில் அதன் பெயரே "அம்மா முத்தம்" தான். பிள்ளையை மடியில் சாய்த்து, முத்தம் தரப்போகிறேன் என்று சொல்லி, அடைக்காத மூக்குத் துவாரத்தை விரலால் மூடு. உன் வாயை அவன் வாய் மேல் காற்று கசியாமல் வைத்து மெதுவாக ஊது, லேசாகத் தடுக்கிற மாதிரி தெரிந்ததும் ஒரு சின்ன வேகத்தோடு "ஃபூ" என்று ஊது. காற்று சுற்றி வந்து அடைத்ததை வெளியே தள்ளும். பத்துப் பேருக்குச் செய்தால் ஆறு பேருக்கு வந்துவிடுகிறது. இரண்டு மூன்று முறைக்கு மேல் முயற்சி செய்யாதே, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடு. ஒரே மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால், உள்ளே ஏதோ பழையது இருக்கிறது என்று அர்த்தம்.

இதை எல்லா அம்மாவும் படியுங்கள்: பட்டன் பேட்டரி. ரிமோட், பொம்மை கார், சத்தம் போடும் செருப்பு, விளக்கு எரியும் பம்பரம் எல்லாவற்றிலும் இருக்கிறது. மூக்கில் போனால் மேலே சொன்ன முத்தமெல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனை. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகத் தொடங்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாழைப்பழம், சோறு கொடுத்துத் தள்ளிவிடலாம் என்று பார்க்காதீர்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை, விழுங்க முடிகிறது, வீட்டில் தேன் இருக்கிறது என்றால் போகிற வழியில் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன், ஆறு தடவை வரை கொடுக்கலாம். தேன் தேடிக் கடைக்குப் போய் நேரத்தைக் கழிக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். காசு என்று நினைத்து வீட்டிலேயே காத்திருந்து மறுநாள் வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இன்றைக்கே வீட்டில் இருக்கிற ரிமோட்டை எல்லாம் எடுத்து, பின்மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏழு வயதாகியும் படுக்கையை நனைக்கிறான். மாமியார் திட்டுகிறார், அவன் அழுகிறான். (சேலம்)

திட்டுவதை முதலில் நிறுத்துங்கள், அவன் தூக்கத்தில் செய்வது அவனுக்கே தெரியாது. 5 வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகளுக்கு இது உண்டு. பெண் பிள்ளைகளை விடப் பையன்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெற்றோரில் ஒருவருக்குச் சின்ன வயதில் இருந்தால் பிள்ளைக்கு வர வாய்ப்பு நிறைய, மாமியாரிடமே மெதுவாகக் கேட்டுப் பார், உன் வீட்டுக்காரர் எத்தனை வயது வரை நனைத்தார் என்று. தண்ணீரைப் பகலில் நிறையக் கொடு, படுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார், அது பலரும் கவனிக்காத காரணம். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்தவன் திடீரென்று ஆரம்பித்தால், கூடவே தண்ணீர் தாகம் அதிகமாகி மெலிந்தால், அன்றைக்கே சர்க்கரை பரிசோதனை செய்.

குளிப்பாட்டும்போது ஒன்றரை வயதுப் பையனுக்கு முன்தோலைப் பின்னால் இழுத்து எண்ணெய் விடச் சொல்கிறார்கள். அவன் வலியில் துடிக்கிறான். கேட்க வெட்கமாக இருக்கிறது. (தூத்துக்குடி)

வெட்கப்படாதே, இதை நிறையப் பேர் மனதுக்குள் வைத்திருக்கிறார்கள். இழுக்கவே கூடாது. பிறக்கும்போது அந்தத் தோல் உள்ளே ஒட்டித்தான் இருக்கும், வருடங்கள் போகப் போகத் தானே பிரியும், சிலருக்குப் பதின் வயது வரைகூட ஆகும். வெளியே தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும். பலவந்தமாக இழுத்தால் கிழிந்து தழும்பு விழுந்து, இல்லாத பிரச்சினை வந்து சேரும். இழுத்த தோல் பின்னாலேயே மாட்டிக்கொண்டு வீங்கினால் அது அவசரம், உடனே போக வேண்டும்.

அதே இடத்தில் நீ பார்க்க வேண்டியது வேறு ஒன்று. விதைப்பையில் இரண்டு விதையும் இறங்கியிருக்கிறதா என்று பார். ஆறு மாதத்தில் இறங்காவிட்டால் குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் ஒன்றரை வயதுக்குள் சரிசெய்துவிடுவார்கள். பெரிய பையன்களின் அம்மாக்களுக்கும் ஒன்று: விதையில் திடீரென்று கடுமையான வலி வந்தால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம், 6 மணி நேரத்துக்குள் போனால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. பையன் வெட்கப்பட்டு "வயிறு வலிக்குது" என்றுதான் சொல்வான். எங்கே வலித்தாலும் அம்மாவிடம் சொல்லலாம், அதில் அசிங்கம் எதுவும் இல்லை என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

செங்கல்லை ஸ்டம்பாக வைத்துத் தெருவில் கிரிக்கெட். நேற்று பந்து பட்டு ஒருவன் பல் ஆடுகிறது. முழுசாக விழுந்திருந்தால் என்ன செய்வது? (கோயம்புத்தூர்)

பால் பல் விழுந்தால் விட்டுவிடு, மறுபடி பொருத்தக்கூடாது. நிரந்தரப் பல் என்றால் வேர் பக்கம் தொடாமல் மேல் பக்கத்தைப் பிடித்து எடு, மண் இருந்தால் லேசாக அலசு, தேய்க்காதே, ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடு. அரை மணிக்குள் பல் டாக்டரிடம் போனால் மறுபடி பொருத்த நல்ல வாய்ப்பு உண்டு, ஒரு மணியைத் தாண்டினால் குறைந்துகொண்டே போகும். ஆடுகிற பல்லை இன்றே காட்டிவிடு. முகவாயோ முட்டியோ கிழிந்தால் சுத்தமான துணியால் பத்து நிமிஷம் விடாமல் அழுத்திப் பிடி. காப்பித்தூள் அப்பாதே, தையல் போடுவதற்கு முன் அதைக் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை படும் பாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைச் சட்டைக் கறைக்கு ஏதாவது சொல்லுங்கள். (பல ஊர்)

ரத்தம் என்றால் பச்சைத் தண்ணீர் மட்டும், வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். சேறு என்றால் முழுசாகக் காயவிட்டு உதறிவிட்டு அப்புறம் துவை. பேனா மைக்கு சானிடைசர். கால்சட்டை முட்டி கிழிந்தால் உள்பக்கம் பழைய ஜீன்ஸ் துண்டு வைத்துத் தைத்துவிடு, வருஷம் தாங்கும்.

எனக்கு இரண்டு பேரன்கள். மருமகள் 9 வயதுப் பையனைப் பாத்திரம் தேய்க்க வைக்கிறாள். ஆம்பளைப் பிள்ளை அழுதாலும் "அழு" என்று மடியில் வைத்துக்கொள்கிறாள். இப்படி வளர்த்தால் தைரியம் எப்படி வரும்? (தஞ்சாவூர்)

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, பேரன் மேல் உள்ள பாசத்தில்தான் கேட்கிறீர்கள். ஆனால் நான் உங்கள் மருமகள் பக்கம். வார்டில் ஊசிக்கு வரிசையில் நிற்கும் பையன்களிடம் "நீ ஆம்பளை, அழக்கூடாது" என்று எல்லோரும் சொல்வார்கள். அழுத பையன் அழுதுவிட்டு ஐந்து நிமிஷத்தில் விளையாடப் போய்விடுவான். அடக்கிக்கொண்டவன் அன்று ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டான், நடந்து போகிற ஒவ்வொருவரையும் பயத்தோடு பார்ப்பான். என் நடுவுளவன் எட்டு வயதில் அவன் வளர்த்த கோழிக்குஞ்சு செத்தபோது மூன்று நாள் அழுதான். தாத்தா திட்டப் போனார், நான் தடுத்தேன். போன வருடம் எனக்கு டைஃபாய்டு வந்து படுத்திருந்தபோது, நெற்றியில் துணி நனைத்துப் போட்டுக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

பாத்திரம் தேய்ப்பதற்கும் அதேதான் அம்மா. 18 வயதில் ஹாஸ்டலுக்கோ வேலைக்கோ போகிறான், துணி துவைக்கத் தெரியாது, ஒரு ரசம் வைக்கத் தெரியாது என்றால் கஷ்டப்படுவது உங்கள் பேரன்தான். எங்கள் வீட்டில் ஐந்து வயதில் பூண்டு உரிப்பது, எட்டில் தன் தட்டைக் கழுவுவது, பத்தில் குக்கரில் சாதம், பன்னிரண்டில் தோசை. ஒருநாள் அவன் கையால் உங்களுக்கு ஒரு காப்பி போட்டுத் தரச் சொல்லிக் குடித்துப் பாருங்கள்.

இரண்டாவதும் பையன். "பொண்ணு இல்லாம போச்சே, இன்னொண்ணு பார்" என்று விசேஷ வீட்டில் எல்லாம் சொல்கிறார்கள். (ஈரோடு)

"எங்களுக்கு நிறைவாக இருக்கிறது" என்று ஒரே வரி சொல்லிவிட்டு இடத்தை விட்டு நகர்ந்துவிடு. பிள்ளை காதில் விழும்படி யாரும் சொல்ல விடாதே, தான் வேண்டாத பிள்ளை என்று அவன் நினைத்துவிடக்கூடாது. ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது அப்பாவிடமிருந்து வரும் எக்ஸ் அல்லது ஒய் குரோமோசோம், அம்மாவுக்கு அதில் பங்கே இல்லை. ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம்.

13 வயது. கதவைச் சாத்திக்கொள்கிறான், கேட்டால் "ம்" மட்டும்தான். என் பிள்ளை என்னை விட்டுப் போய்விட்டான் போலிருக்கிறது அக்கா. (சென்னை)

போகவில்லை மா. குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, தன் உடம்பே அவனுக்குப் புதுசாக இருக்கிறது. எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் வாயே திறக்க மாட்டான். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துப் போ, வெங்காயம் நறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நில். முகம் பார்க்காமல் இருக்கும்போது தானாகப் பேசுவான். என் பெரியவன் முக்கியமான விஷயம் எல்லாம் சொன்னது வைகைப் பாலத்தில் வண்டி ஓடும்போதுதான். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போ, அந்த மரியாதை அவனுக்குப் பெரிய விஷயம்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயற்கை, நோய் இல்லை என்பதை அது நடப்பதற்கு முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். அப்பா சொன்னால் நல்லது, அவர் தயங்கினால் நீ சொல். நாம் சொல்லாவிட்டால் லாட்ஜில் முகாம் போடும் பரம்பரை வைத்தியரின் நோட்டீஸ் சொல்லும். "நரம்புத் தளர்ச்சி, வாழ்க்கையே போச்சு" என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் கையில் இருக்கிற காசை எல்லாம் லேகியத்துக்குக் கொட்டும் பையன்கள் நம் ஊரில் ஏராளம்.

15 வயதுப் பையன் பள்ளி விட்டு வந்ததும் எட்டு தோசை, ராத்திரி மறுபடி சாப்பாடு. இவ்வளவு சாப்பிடலாமா? மாவு தீர்ந்துகொண்டே இருக்கிறது. (திண்டுக்கல்)

சாப்பிடட்டும். பையன்களுக்கு 13, 14 வயதை ஒட்டி ஒரே வருடத்தில் 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்த்தி போகும், அந்தப் பசிதான் இது. வெறும் தோசையாக இல்லாமல் கூட ஏதாவது சேர். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. சுண்டல், வேர்க்கடலை, பாசிப்பயறு எதுவானாலும் சரி. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, வாரம் இரண்டு நாள் கேழ்வரகு தோசை ஊற்று. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரை பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைத்துப் பையன்கள் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அவனும் சாப்பிட வேண்டும். மாவுக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து என்று போட்டுக்கொண்டிருந்தால் அதை இரட்டிப்பாக்கு. ஊறப்போடுவதும் அரைப்பதும் ஞாயிற்றுக்கிழமை அவன் வேலை. தோசையும் அவனே ஊற்றிக்கொள்ளட்டும், அடுப்பை அணைக்க மட்டும் ஞாபகப்படுத்து.