கம்ப்யூட்டர் கடை வேலைக்கு எத்தனை வயது ஆக வேண்டும்?

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன், வயது 15. பள்ளி விட்டதும் கம்ப்யூட்டர் கடையில் பகுதிநேர வேலை பார்க்க ஆசை. ஒருவர் 14 வயது போதும் என்கிறார், இன்னொருவர் 18 ஆக வேண்டும் என்கிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். முதலாமவர் சட்டத்தைச் சொல்கிறார், இரண்டாமவர் கடை வழக்கத்தைச் சொல்கிறார்.

இதில் சர்வதேச அளவுகோல், சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1973ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 138. பொதுவான குறைந்தபட்ச வயது 15. பொருளாதாரத்தில் பின்தங்கிய நாடுகள் 14இல் தொடங்கிக்கொள்ளலாம். படிப்பைக் கெடுக்காத இலகு வேலை என்றால் 13, ஆபத்தான வேலை என்றால் 18. ஆனால் ஒவ்வொரு நாடும் தன் எண்ணைத் தன் சட்டத்தில் தானே வகுத்துக்கொள்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி கடை வேலைக்கு 14. பிரிட்டனில் இலகு வேலைக்கு 13. இந்தியாவில் 14 நிரம்பியிருக்க வேண்டும். இலங்கை 2021இல் 14ஐ 16 ஆக உயர்த்திவிட்டது.

ஆனால் கடைக்காரர் பார்ப்பது வயதை அல்ல, நேரத்தை. அமெரிக்காவில் 14, 15 வயதினர் பள்ளி நாளில் 3 மணி நேரம், பள்ளி நடக்கும் வாரத்தில் 18 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இரவு 7 மணிக்கு மேல் கூடாது. ஜூன் முதல் தேதியிலிருந்து செப்டம்பர் தொடக்கத்துத் தொழிலாளர் தினம் வரை மட்டும் 9 மணி வரை சலுகை. பிரிட்டனில் பள்ளி நாளில் 2 மணி நேரம், பள்ளி நடக்கும் வாரத்துக்கு 12 மணி நேரம். இப்போது மேலாளர் இடத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். பள்ளி மூன்றரைக்கு விட்டு, நீங்கள் கடைக்கு வந்து சேர நாலரை. ஏழு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் அலுவலகம் முடிந்து வந்து சேருவதே அப்போதுதான். கூட்டம் இல்லாதபோது ஆள் இருக்கிறது, கூட்டம் வரும்போது ஆள் இல்லை. இந்தத் தலைவலி வேண்டாம் என்றுதான் பல கடைகள் 16 என்று கோடு போடுகின்றன. பெரிய சங்கிலிக் கடைகள் பலவும் 18க்குப் போய்விடுகின்றன.

15 வயதில் உங்களுக்கு வாய்ப்பு அதிகம் இருப்பது முதலாளியே கல்லாவில் உட்காரும் சின்னக் கடையில். விண்ணப்பத்தை நேரில் கொடுங்கள், சனிக்கிழமை மாலையில் மட்டும் போகாதீர்கள். ‘வேலை இருக்கிறதா’ என்று மொட்டையாகக் கேட்காமல், ‘16 வயதுக்குக் கீழே இருப்பவர்களை எடுப்பீர்களா, எந்த வேலைக்கு எடுப்பீர்கள்’ என்று கேளுங்கள். எந்தெந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வர முடியும் என்பதை ஒரு தாளில் எழுதியே கொண்டுபோங்கள்.

கேள்வி: ஆன்லைன் விண்ணப்பத்தில் ‘18 வயது நிரம்பியதா’ என்று ஒரு கட்டம். ‘ஆம்’ என்று போட்டுவிட்டு நேரில் பேசிச் சமாளிக்க முடியாதா?

பதில்: முடியாது. சேரும் நாளில் பிறந்த தேதிச் சான்று கேட்பார்கள், அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். தப்பித் தவறி உள்ளே போய், ஒரு நாள் அடிபட்டால், காப்பீட்டுப் பணம் கேட்கும்போது அந்தப் பொய்யைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். ‘இல்லை’ என்று போட்டதும் விண்ணப்பம் தானாகவே ஓரங்கட்டப்படுவதும் உண்டு. அப்படியானால் கடைக்குப் போன் செய்யுங்கள். 18க்குக் கீழே எடுக்கும் பணியிடம் தனி விளம்பரமாக வந்திருக்கலாம்.

கேள்வி: எனக்கு 16 முடிந்துவிட்டது. வீட்டில் நானே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வேன். ஆனால் கடையில் சர்வீஸ் பிரிவுக்கு 18 ஆகட்டும், இப்போது ஷெல்ஃப் அடுக்க வா என்கிறார்கள். திறமைக்கு மதிப்பில்லையா?

பதில்: திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சர்வீஸ் மேஜைக்கு வரும் லேப்டாப்பில் வாடிக்கையாளரின் படங்கள், கடவுச்சொற்கள், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். அதைப் பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர் பொறுப்பேற்கக்கூடிய வயதினராக இருக்க வேண்டும் என்று கடை நினைப்பதில் நியாயம் இருக்கிறது. இன்னொன்று பேட்டரி. உப்பிய லித்தியம் பேட்டரியை நெம்பி எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் நுனி குத்திவிட்டால் போதும், உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும். பவர் சப்ளைப் பெட்டியைத் திறப்பதும் அப்படித்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

தவணைக் கடன், நீட்டிப்பு வாரண்டி விற்பதையும் பொதுவாகச் சிறுவர்களிடம் விட மாட்டார்கள். கிடங்கிலும் கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் சரக்கைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்ட 18 ஆக வேண்டும். அட்டைப் பெட்டிகளை நசுக்கிக் கட்டும் இயந்திரத்தில், குறிப்பிட்ட பாதுகாப்புத் தரம் இருந்தால், 16, 17 வயதினர் அட்டையைப் போடலாம். இயந்திரத்தை இயக்கவோ, நசுக்கிக் கட்டிய அட்டையை வெளியே எடுக்கவோ கூடாது. 14, 15 வயதினர் ஏணியில் ஏறுவதும் லாரியில் சரக்கு ஏற்றி இறக்குவதும்கூடத் தடை.

மிச்சம் என்ன? பில் போடுவது, விலைச்சீட்டு ஒட்டுவது, ஷெல்ஃப் அடுக்குவது, வாடிக்கையாளருக்குப் பொருளைக் காட்டி விளக்குவது. ஷெல்ஃப் வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். எந்தக் கேபிள் எதற்கு, எந்தப் பெட்டி அதிகம் திரும்பி வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் கண்ணில் படும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. வேலை கிடைத்திருக்கிறது. மதிப்பெண் சான்றிதழின் அசலைக் கடையிலேயே வைத்திருப்போம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். அசல் அவர்களிடம் இருந்தால் நாளைக்கு வேலையை விட நினைத்தாலும் விட முடியாது.

வழக்கமாகத் தேவைப்படுவது பிறந்த தேதிக்கு ஒரு சான்று, பெற்றோரின் சம்மதக் கடிதம், சம்பளம் போட வங்கிக் கணக்கு. கடைசியாகச் சொன்னதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 18 ஆகாதவர் கணக்குத் தொடங்க வங்கி பாதுகாவலர் கையெழுத்துக் கேட்கலாம், அதற்கு நாள் பிடிக்கும்; வேலை உறுதியாகும்வரை காத்திருக்காமல் முன்பே தொடங்கிவிடுங்கள். அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் பள்ளி வழியாகப் பணி அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். பிரிட்டனில் கட்டாயப் பள்ளி வயதைத் தாண்டாதவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி தேவை. அதற்கு விண்ணப்பிப்பது முதலாளியின் வேலை.

‘முதல் மாதம் பயிற்சி, சம்பளம் இல்லை’ என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

கேள்வி: இந்தியாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் மகனுக்கு 13 வயது. பள்ளி விட்டதும் வந்து உதவுகிறான். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் 13, அவனும் வரட்டுமா என்கிறார்கள். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: அண்ணன் மகன் வரலாம், பக்கத்து வீட்டுப் பையன் கூடாது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 நிரம்பாத யாரையும் எந்த வேலையிலும் அமர்த்தத் தடை. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, அல்லது விடுமுறையில், ஆபத்தில்லாத உதவி செய்வதற்கு விலக்கு உண்டு. குடும்பம் என்பதில் பிள்ளையின் பெற்றோர், உடன்பிறந்தோரோடு பெற்றோரின் உடன்பிறந்தோரும் அடக்கம். சித்தப்பாவான நீங்கள் அதில் வருகிறீர்கள். மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

14 முதல் 18 வரை உள்ளவர்களை எடுத்தால் அதற்கும் வரையறை உண்டு. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவே 1 மணி நேரம் ஓய்வு. ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம். இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, ஓவர்டைம் கூடாது, வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை. இவர்களுக்கெனத் தனிப் பதிவேடும் வைக்க வேண்டும். மாநிலக் கடைகள் சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள்? 18 ஆகும்வரை என்ன படித்து வைப்பது?

பதில்: சான்றிதழ் வேண்டுமென்றால் கம்ப்யூட்டர் பராமரிப்பு, பழுதுபார்ப்புக்கான காம்ப்டியா ஏ பிளஸ். இரண்டு தாள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், 900க்குத் தேர்ச்சி முதல் தாளில் 675, இரண்டாவதில் 700. ஆனால் விற்பனை வேலைக்கு யாரும் இதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் ஒரு வாடிக்கையாளரை நடித்துக் காட்டுவார்கள். ‘கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, ரேம் ஒன்று கொடுங்கள்.’ உடனே பெட்டியை எடுப்பவர் தோற்றார். ரேமின் தலைமுறைகளான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் மேஜைக் கம்ப்யூட்டர் ரேமுக்கு 288 பின்தான், நீளமும் ஒன்றுதான். நடுவிலுள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். அழுத்திச் செருகினால் ஸ்லாட் உடையும். லேப்டாப்பில் முன்னதற்கு 260 பின், பின்னதற்கு 262.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சேமிப்புச் சாதனமான எஸ்எஸ்டியிலும் இதே குழப்பம். எம்.2 எனும் மெல்லிய அட்டை வகையில் சாட்டா, என்விஎம்இ என்ற இரு இணைப்பு முறைகளுக்கும் ஒரே 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். சாட்டாவுக்கு வழக்கமாக இரண்டு வெட்டு, என்விஎம்இக்குப் பெரும்பாலும் ஒன்று. ‘போட்டேன், கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கவில்லை’ என்று மறுநாள் பெட்டி திரும்பி வருவது இதனால்தான். சார்ஜரில் 100 வாட் என்று எழுதியிருந்தாலும் யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர் வகை என்றால் 60 வாட்தான் போகும்.

ஆக, அந்த நடிப்பு வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது ‘என்ன மாடல்?’ அடுத்தது, ‘எதைத் திறக்கும்போது மெதுவாக இருக்கிறது?’ ரேமே தேவையில்லை, பழைய ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றினால் போதும் என்று தெரியவந்தால் அதையே சொல்லுங்கள்.