ஒரு படம், பல கற்கள்

கேள்வி: தாத்தாவின் மளிகைக் கடையில் இருந்த பழைய சோப்பு விளம்பரப் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். முகமெல்லாம் ஒழுங்கில்லாத புள்ளிகள், உதட்டுச் சிவப்பு மட்டும் விலகி நிற்கிறது. ஏன்?
– வாசகி, பாலக்கோடு

பதில்: அது பெரும்பாலும் கல்லச்சு. 1796-ல் பவேரியாவில் (இன்றைய ஜெர்மனியின் ஒரு பகுதி) செனஃபெல்டர் என்பவர் கண்டுபிடித்த, கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறை. எண்ணெயும் தண்ணீரும் சேராது, அதுதான் சூத்திரம். சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டினால் வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மஞ்சள், சிவப்பு, நீலம், அப்புறம் தோல் நிறத்துக்குத் தனியாக ஒன்று என்று பத்துக் கல்லுக்கு மேல் போன படங்களும் உண்டு, ஒவ்வொரு தாளும் அத்தனை முறை அச்சுக்குள் போய்வர வேண்டும். அந்தப் புள்ளிகளைக் கையாலேயே வைத்தார்கள், யோசித்துப் பாருங்கள்! தாள் மயிரிழை நகர்ந்தாலும் நிறம் விலகிவிடும், உங்கள் படத்து உதடு அப்படித்தான். தயவுசெய்து அதை லேமினேட் செய்துவிடாதீர்கள்.