மண்ணிற உறையைக் கண்டாலே நெஞ்சு படபடக்கிறது, அக்கா

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். என் கணவருக்கு 54 வயது. 2021இல் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் பலம் குறைந்துவிட்டன. கைத்தடியோடு வீட்டுக்குள் நடப்பார். அவருக்கு பிப் (PIP, நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் தருவது) காசில் அன்றாட வாழ்க்கைக்கான பகுதி சாதாரண விகிதத்தில் வருகிறது. சமைப்பது, குளிப்பது போன்ற நான்கு விஷயங்களில் இரண்டு இரண்டு புள்ளியாக மொத்தம் எட்டு. அது வருவதால்தான் எனக்கும் பராமரிப்பாளர் கொடுப்பனவு கிடைக்கிறது. வாரத்தில் மூன்று காலை ஒரு கடையில் நிற்கிறேன். 2025 மார்ச்சில், ஏதாவது ஒரு விஷயத்தில் நான்கு புள்ளி இல்லாதவர்களுக்கு நிற்பாட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. பிறகு அதைக் கைவிட்டார்கள் என்றார்கள். இப்போது திரும்பவும் ஏதோ மீளாய்வு என்கிறார்கள். கதவில் கடிதம் விழும் சத்தம் கேட்டால் வயிறு இறுகுகிறது. அரசாங்கக் கடிதம் வரும் மண்ணிற உறை ஒன்று அண்மையில் வந்தது, அதை அரிசி வாளிக்குக் கீழே நான்கு நாள் ஒளித்து வைத்திருந்தேன். மகள்தான் எடுத்துத் திறந்தாள். ஏப்ரலில் காசு கொஞ்சம் கூடுகிறது என்று இருந்தது, அவ்வளவுதான். அன்றிரவு இவர், "நான் இல்லாவிட்டால் உனக்கு இந்தப் பாடு இருக்காது" என்றார். நான் என்ன செய்வது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுக்கிறேன். மற்றதெல்லாம் ஒரு கிழமை பொறுக்கும், அது பொறுக்காது. பாரிசவாதம் வந்தவர்களுக்கு மனச்சோர்வு வருவது மிகச் சாதாரணம், அதற்கு மருந்தும் உண்டு, கதைத்துத் தீர்க்கும் வழியும் உண்டு. அவரோடு தனியாக இருக்கும் நேரம் பார்த்து நேராகவே கேளுங்கள்: "செத்துப்போனால் நல்லம் என்று நினைக்கிறீர்களா?" இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அன்றைக்கே உங்கள் குடும்ப வைத்தியருக்குச் சொல்லுங்கள். இரவு என்றால் 111க்கு அடித்து 2ஐ அழுத்துங்கள், அது மனநல நெருக்கடிக்கான வழி. மனம் நொந்தவர்களோடு கதைக்கும் சமாரித்தான்ஸ் அமைப்பின் 116 123 இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். இல்லை, சும்மா மனம் நொந்து சொன்னேன் என்றாலும் வைத்தியரிடம் அந்த வசனத்தை அப்படியே சொல்லுங்கள்.

சரி, இனி காசு விஷயம்.

உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025 மார்ச் 18 அன்று அரசாங்கம் வெளியிட்ட திட்டத்தில், அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைக்க மொத்தம் எட்டுப் புள்ளி மட்டும் போதாது, ஏதாவது ஒரு விஷயத்திலாவது நான்கு புள்ளி இருக்க வேண்டும் என்று இருந்தது. 2026 நவம்பரிலிருந்து வருவதாக இருந்தது. உங்கள் கணவரைப் போல, சமைக்க ஒரு உபகரணம், குளிக்க ஒரு பிடி, கழிவறையில் ஒரு பிடி, உடுக்க ஒரு கொக்கி என்று இரண்டு இரண்டாகச் சேர்த்து எட்டு எடுத்தவர்கள்தான் அதில் நேராக அடிபட இருந்தார்கள். அது போனால் உங்கள் கொடுப்பனவும் போயிருக்கும். நீங்கள் கணக்குப் பிழையாகப் போடவில்லை.

ஆனால் அந்தச் சட்டம் வரவில்லை. ஆளும் கட்சிக்குள்ளேயே நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். 2025 ஜூலை 1 அன்று, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே, அமைச்சர் ஸ்டீபன் ரிம்ஸ் எழுந்து அந்தப் பிரிவை எடுத்துவிடுவதாக அறிவித்தார். நான் அன்று தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது கூடத் தெரியவில்லை. நீங்கள் கேள்விப்படும் மீளாய்வு அதே அமைச்சரின் பெயரில் நடப்பது, மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டு. 2026 இலையுதிர் காலத்துக்குள் முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிப் தகுதியில் மாற்றம் ஏதும் வந்தால் அதற்குப் பிறகுதான் என்பதும் அரசாங்கம் சொன்னது. ஆகவே, நான்கு புள்ளிச் சட்டம் என்று இன்றைக்கு ஒன்று இல்லை. உங்கள் கைபேசிக்கு யாராவது அந்தப் பழைய செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், முதலில் அதன் திகதியைப் பாருங்கள்.

உண்மையாகவே மாறியது யூனிவர்சல் கிரெடிற், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவி. அதில் சுகவீனத்துக்கென்று சேர்த்துத் தரும் தொகை, 2026 ஏப்ரலிலிருந்து புதிதாக விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு ஏறத்தாழப் பாதியாகிறது, மாதம் 217.26 பவுண். அதற்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. மிகக் கடுமையான, மாறாத நிலையில் இருப்பவர்களுக்கும், உயிர் பிழைக்க முடியாத நோயாளிகளுக்கும் பழைய தொகைதான். நீங்கள் அதையும் எடுக்கிறீர்களா என்று எழுதவில்லை. எடுத்தால், எந்தத் திகதியிலிருந்து என்று பழைய கடிதத்தில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நான் மெய்யாகக் கவலைப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பாராளுமன்றத்தை நினைத்து எனக்கு இவ்வளவு பயம் இல்லை. நம்முடைய "பரவாயில்லை" என்ற சொல்லை நினைத்துத்தான் பயம்.

எனக்கு இரண்டு கை விரல்களிலும் முடக்குவாதம். 2016இல் பழைய கொடுப்பனவை நிறுத்தி பிப்புக்கு மாறச் சொன்னபோது ஒரு மதிப்பீட்டுக்குப் போனேன். நல்ல சேலை, தலை வாரி, பொட்டு. வெளியே போவதென்றால் அப்படித்தானே போவோம்? எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "நன்றாக இருக்கிறேன், நன்றி" என்றேன். சமைப்பீர்களா? "ஓம், சமாளிப்பேன்." பிறகு அறிக்கையைக் கேட்டு எடுத்துப் பார்த்தால், நன்றாக இருப்பதாகக் கூறினார், கைப்பையைத் தானே கொண்டுவந்தார், உடை நேர்த்தியாக இருந்தது என்று எழுதியிருக்கிறது. புள்ளி பூச்சியம். அந்தப் பையை என் தோளில் கொழுவிவிட்டவன் என் மகன். அவன் வெளியே காத்திருந்தான்.

மறுபரிசீலனைக்கு எழுதினேன், அதே பதில். மேன்முறையீட்டுக்குப் போனேன். அந்தப் பதினொரு மாதமும் நீங்கள் எழுதியிருக்கிற அதே வயிற்று இறுக்கத்தோடு இருந்தேன், தங்கச்சி. தபால்காரரின் சிவப்புச் சட்டை தெருமுனையில் தெரிந்தால் மேல்மாடிக்குப் போய்விடுவேன். தீர்ப்பாயத்தில் மூன்று பேர்: ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர். அந்த வைத்தியர் என் சட்டையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்று காலை இந்தப் பொத்தான்களைப் போட்டது யார்?" மகன் என்று சொல்ல வாய் வரவில்லை. அழுதுவிட்டேன். அன்றுதான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். வென்றோம். தீர்ப்பாயம் வரைக்கும் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெல்கிறார்கள். ஆனால் நம்மில் பலர் முதல் கடிதத்தோடேயே "சரி, விடுவம்" என்று இருந்துவிடுகிறோம்.

ஆகவே, காலை எழுந்தவுடன் உங்கள் கணவர் சேட்டுப் போடுவதை நாளைக்கு ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள். உதவி செய்யாமல் சும்மா பாருங்கள். எத்தனை நிமிடம்? எங்கே களைத்துக் கட்டிலில் இருக்கிறார்? வலது கையை முதலில் விடுகிறாரா, கடைசிப் பொத்தானை விட்டுவிட்டு வருகிறாரா? அதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். சோற்றுப் பானையில் கஞ்சி வடிக்க அவரால் முடியுமா? "அவர் சமைக்கிறதே இல்லை, நான்தான்" என்று மட்டும் சொன்னால் அது பதில் ஆகாது. அவர்கள் கேட்பது, ஒருவருக்கு ஒரு நேரச் சாப்பாட்டை, புதுக்காய்கறி வெட்டி, அடுப்பில் வைத்துச் சமைக்க அவரால் முடியுமா என்பதைத்தான். முடியும் என்றால் எப்படி முடியும்? பாதுகாப்பாகவா, ஒழுங்காகவா, தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்பவா, நியாயமான நேரத்துக்குள்ளா? இந்த நான்கும் விதிமுறையிலேயே இருக்கின்றன. சாதாரண ஒருவர் எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனால் அது நியாயமான நேரம் இல்லை. கத்தியை நழுவவிட்டு ஒருநாள் காலில் விழுந்திருந்தால், அது பாதுகாப்பு இல்லை. யாராவது பக்கத்தில் நின்று பார்க்கவோ கைகொடுக்கவோ வேண்டியிருந்தால் சமையலில் அது இரண்டு புள்ளி இல்லை, நான்கு. நான்கு புள்ளிக்கு அன்று எல்லோரும் பயந்தோம். உங்கள் வீட்டில் அந்த நான்கு புள்ளி ஏற்கெனவே குசினிக்குள் இருக்கலாம், யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் நிலைமை மாறியது என்று நீங்களாகவே அறிவித்தால் முழுவதையும் திரும்பப் பார்ப்பார்கள். ஆகவே அப்படிச் செய்ய முன் சிற்றிசன்ஸ் அட்வைஸ் போன்ற ஓர் இலவச ஆலோசனை நிலையத்தில் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று. மதிப்பீட்டுக்கு மகளை மொழிபெயர்ப்பாளராக வைக்காதீர்கள். அவள் நல்ல பிள்ளைதான், உறையையும் அவள்தான் திறந்தாள். ஆனால் கழிவறையில் யார் உதவுகிறார்கள் என்ற கேள்விக்கு எந்தத் தகப்பன் மகளுக்கு முன்னால் உண்மை சொல்வார்? மகளும் அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற இரண்டு சொல் குறைத்துத்தான் சொல்வாள். முன்கூட்டியே கேட்டால் அவர்களே காசில்லாமல் மொழிபெயர்ப்பாளர் தருவார்கள். நீங்கள் துணையாகப் பக்கத்தில் இருக்கலாம், கதைக்கவும் செய்யலாம்.

உங்கள் நித்திரைக்கும் ஒரு வழி சொல்கிறேன், நான் செய்து பார்த்தது. வீட்டு வாசலில் ஒரு தட்டு வைத்தேன். எந்த உறை வந்தாலும் அதில். பின்னேரம் ஐந்து மணிக்கு, தேத்தண்ணியோடு, இன்னொருவர் பக்கத்தில் இருக்கத்தான் திறப்பது. அரிசி வாளிக்குக் கீழே வைத்த கடிதம் நான்கு நாளும் உங்களோடுதான் படுத்திருக்கிறது. அதோடு, ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால் மறுபரிசீலனை கேட்கக் கடிதத்தின் திகதியிலிருந்து ஒரு மாதம்தான் இருக்கிறது, அதில் ஒளித்து வைத்த நாள்களும் கழியும். செய்தி பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். படபடப்புக்கு, வைத்தியரிடம் போகாமலே நீங்களாக என்.எச்.எஸ். ரோக்கிங் தெரபீசில் (கதைத்துத் தீர்க்கும் சிகிச்சை) பதியலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கவுன்சிலிடம் பராமரிப்பாளர் மதிப்பீடு கேட்பது 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் உரிமை. அது அவரைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது.

மறக்க முன் இதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் மேலதிக நேரம் கேட்டால் ஓம் சொல்ல முன் கணக்குப் பாருங்கள். பராமரிப்பாளர் கொடுப்பனவுக்கு உழைப்பு எல்லை உண்டு, 2025 ஏப்ரலில் அது வாரம் 196 பவுணாக இருந்தது, இப்போது எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பவுண் தாண்டினாலும் அந்த வாரக் காசு முழுவதும் போகும், பிறகு கடனாகத் திருப்பிக் கேட்பார்கள். இதில் மாட்டிக்கொண்ட அக்கா தங்கச்சிமார் பலரை எனக்குத் தெரியும்.

கேள்வி: அன்ரி, நான் ரூட்டிங்கில் இருக்கிறேன். அம்மாவுக்கு 74 வயது. முழங்கால் தேய்ந்து ஒரு வருடமாக என் மனைவிதான் குளிக்க வார்க்கிறார். இந்தச் செய்திகளைக் கேட்டு, இப்போது விண்ணப்பித்தால் பிரச்சினை வருமோ என்று அம்மா பயப்படுகிறார். பிப்புக்குப் போடலாமா?

பதில்: தம்பி, ஓய்வூதிய வயதைத் தாண்டியவர் பிப்புக்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. அம்மாவுக்கு உரியது அற்றென்டன்ஸ் அலவன்ஸ். நான்கு புள்ளிக் கதைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை, அதில் புள்ளி முறையே கிடையாது. சேமிப்பையோ உங்கள் சம்பளத்தையோ பார்க்க மாட்டார்கள். ஆறு மாதமாக உதவி தேவைப்படுகிறது என்பதுதான் முக்கியம், அம்மாவுக்கு ஒரு வருடம் ஆகிவிட்டது. அம்மாவின் விசாவில் அரச உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால் மட்டும் முதலில் ஒரு ஆலோசகரிடம் கேளுங்கள். குளிக்க வார்ப்பதை மனைவியையே எழுதச் சொல்லுங்கள், நீங்கள் வேலைக்குப் போய்விடுகிறீர்கள், அவருக்குத்தான் தெரியும். படிவத்தைத் தொலைபேசியில் கேளுங்கள். ஆறு கிழமைக்குள் நிரப்பி அனுப்பினால் நீங்கள் கேட்ட நாளிலிருந்தே கணக்கு வைப்பார்கள், ஆகவே நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே எடுங்கள்.