சூதாடும் இடத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல் எது?

'கழகம்' என்றால் பலரும் நம்ப மாட்டார்கள். ஆனால் குறளில் அதற்குச் சூதாடும் இடம் என்றுதான் பொருள்.

சூது அதிகாரத்தின் 935ஆம் குறள் 'கவறும் கழகமும் கையும்' என்று தொடங்குகிறது. கவறு என்பது உருட்டும் காய். கை என்பது அதை உருட்டும் திறமை. நடுவில் நிற்கும் கழகம்தான் ஆட்டம் நடக்கும் களம். 937ஆம் குறளிலும் இதே பொருள்தான். ஆடுபவனோடு நிற்காமல், ஆட இடம் தரும் களத்தையும் வள்ளுவர் சேர்த்தே சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் இது.

கழகம் என்பது அடிப்படையில் பலர் கூடும் இடம். எதற்காகக் கூடினார்கள் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறியது. கம்பர் 'கலை தெரி கழகம்' என்கிறார். அங்கே அது கல்விக்கூடம். பல்கலைக்கழகம் அந்த வழியில் வந்தது.

ஊட்டியில் இருப்பதால் இந்தச் சொல் தினமும் என் கண்ணில் படுகிறது. பேருந்து நிலையத்தை ஒட்டியே குதிரைப் பந்தய மைதானம். கோடை சீசனில் ஒரு பக்கம் குதிரைகள் ஓடி, பந்தயப் பணம் கை மாறிய இடம். (குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு விஷயம்.) இந்தப் பக்கம் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் கிளம்பும் பேருந்துகளில் 'அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று எழுதியிருக்கும். வள்ளுவர் காலத்து ஆள் யாராவது வந்தால், அந்தப் பெயரை மைதானத்து வாசலில்தான் தேடுவார்.