பெரிய டிஸ்க்குக்கு அவசரமில்லை, பிரேக் ஆயிலை மாற்றுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரேக்கைப் பற்றியவை. பெங்களூரிலிருந்து சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ, கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ சொந்தக் காரை ஓட்டிக்கொண்டு போய், பொதுமக்களை ரேஸ் டிராக்கில் ஓட்டவிடும் டிராக் டேயில் சுற்றிவிட்டு, அதே காரில் வீடு திரும்புகிறவர்கள் எழுதியிருக்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் முதல் தடவையாக இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டப் போகிறேன். கம்பெனி பிரேக் தாங்காது, பெரிய டிஸ்க்கும் நாலு பிஸ்டன் காலிப்பரும் போட்டே ஆகணும் என்கிறார் கடைக்காரர். 85,000 ரூபாய் சொல்கிறார். போடலாமா?
– வாசகர், ஜீவன் பீமா நகர்

பதில்: வேண்டாம். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுழலும் தட்டு. அதை இரு பக்கமும் கவ்விப் பிடிப்பது பேடு, பிஸ்டனால் பேடை அழுத்துவது காலிப்பர்.

பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். காரை நிறுத்துவது கடைசியில் டயர். உங்கள் கம்பெனி பிரேக்கை ஓங்கி மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதிர்கிறதா? அப்படியென்றால் டயருக்கு இருக்கிற பிடிமானம் முழுவதையும் அந்த பிரேக் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. பெரிய டிஸ்க்கால் கிடைப்பது சூட்டைத் தாங்கும் திறன்தான். அது தேவைப்படும் நாள் வரலாம், ஆனால் முதல் டிராக் டேயில் வராது.

சூடு எவ்வளவு என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள கார், 150 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கினால் ஏறத்தாழ 7.3 லட்சம் ஜூல் ஆற்றல் போயாகணும். அதில் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகிறது. ஊருக்குள் 60-ல் வந்து சிக்னலில் நிற்பதற்கு ஆவது 1.4 லட்சம். ஐந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். சிக்னலில் நின்ற பிறகு பிரேக் ஆறிக்கொள்ளும். டிராக்கில் ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஆகவே கவலைப்பட வேண்டியது அடுத்தடுத்து ஏறும் இந்தச் சூட்டைப் பற்றி.

அதற்கு முதலில் செய்ய வேண்டியது புது பிரேக் ஆயில். அப்புறம் கம்பெனி பேடை விடக் கூடுதல் சூடு தாங்கும் நல்ல பேடு, முன் சக்கரத்துக்கு மட்டும். டிஸ்க்கின் கனத்தை வெர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். அதற்குக் கீழே தேயக் கூடாது என்ற குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள். டிராக்கில் மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் ஒரு சுற்று பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். டிராக் ஓரத்தில் காரை நிறுத்தும் பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், கியரில் நிறுத்தி சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

இதற்கெல்லாம் 85,000-ல் ஒரு சிறு பகுதி போதும். மீதியில் நல்ல டயர் வாங்கலாம்.

கேள்வி: போன டிராக் டேயில் ஐந்தாவது சுற்றில் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. மண்ணில் இறங்கித்தான் கார் நின்றது. அரை மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் சரியாக இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்கிறார் மெக்கானிக். கார் வாங்கி நாலு வருஷம், பிரேக் ஆயில் இதுவரை மாற்றியதில்லை.
– ஐ.டி. ஊழியர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. ஆயில் கொதித்துவிட்டது. கொதித்தால் பைப்புக்குள் ஆவி உண்டாகும். ஆயிலை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். அதனால் உங்கள் மிதி பேடுக்குப் போய்ச் சேரவில்லை. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிறது, பெடல் திரும்பி வருகிறது.

நாம் சாதாரணமாக ஊற்றும் பிரேக் ஆயில், மழைக்காலத்து உப்பு மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டப்பாவில் டாட் 3, டாட் 4 என்று போட்டிருப்பது ஆயிலின் தர வகை. டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 3 என்றால் 205-லிருந்து 140-க்கு. நாலு வருஷம் பழகிய ஆயிலோடு டிராக்கில் இறங்கியிருக்கிறீர்கள். ஊருக்குள் ஓடும் காருக்கே இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றணும் என்று பெரும்பாலான கார் கையேடுகளில் போட்டிருக்கிறது. அந்தக் கையேட்டைப் பிரித்துப் பார்க்காமல் காரை அந்த வேகத்தில் ஓட்டுவது உங்களுக்கும் ஆபத்து, டிராக்கில் பக்கத்தில் ஓட்டுகிறவருக்கும் ஆபத்து. இதில் எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

மாஸ்டர் சிலிண்டர் என்பது உங்கள் மிதியை ஆயிலின் அழுத்தமாக மாற்றும் பாகம். அதில் கோளாறா என்று தெரிய, இஞ்சினை ஓடவிட்டு, நின்ற காரில் பெடலை ஒரே அழுத்தமாகப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் மெக்கானிக் சொல்வது சரியாக இருக்கலாம். இறங்காமல் நின்றால் ஆயிலை முழுவதும் மாற்றி, நாலு சக்கரத்திலும் பைப்புக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றினால் போதும். டிராக்குக்கு என்றே 300 டிகிரிக்கு மேல் கொதிநிலை உள்ள ஆயில் கிடைக்கிறது, மோட்டுல் ஆர்பிஎஃப் 600 அதில் ஒன்று, புதிதாக இருக்கும்போது 312 டிகிரி. அதை ஊற்றினால் இன்னும் அடிக்கடி மாற்றணும். டாட் 5 என்று போட்ட டப்பாவை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது சிலிகான், உங்கள் காரில் இருப்பதோடு சேராது. டாட் 5.1 என்பது வேறு, அதை ஊற்றலாம்.

இன்னொன்று. பெடல் கல் மாதிரி கெட்டியாக இருந்தும் கார் நிற்காமல் போனால், அங்கே சூடு ஏறியது பேடில். அப்போது மாற்ற வேண்டியது பேடை.

கேள்வி: காலிப்பர் மேல் மாட்டும் சிவப்பு கவர், செட் 1,800 ரூபாய். விலை சரியா?
– மாணவர், மத்திகெரே

பதில்: வாங்காதீர்கள், காற்றை மறைத்து காலிப்பரை ஆறவிடாது.

கேள்வி: இம்போர்ட்டட் டிராக் பேடு என்று சொல்லி ஒரு கடையில் 9,500 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றார்கள். கரி ஸ்பீட்வேயில் இரண்டாவது செஷனிலேயே இடது பேடு இரும்புத் தகட்டிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. கடையில் 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்ற போர்டைக் காட்டுகிறார்கள். நானே ஏமாந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.
– வாசகர், ஆஸ்டின் டவுன்

பதில்: கூச்சப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. காசு கொடுத்துப் பாதுகாப்புக்காக ஒரு பொருள் வாங்கினீர்கள், அது உங்களைக் கொன்றிருக்கும். வீட்டில் சொல்லுங்கள்.

அந்த போர்டைப் பற்றி எனக்கு நெடுநாள் ஆதங்கம் உண்டு. ஓட்டை போட்ட டிஸ்க் ஒரு ஜோடி, பார்க்க அழகாக, நானும் இந்த ஊரில் ஒரு கடையில் வாங்கினேன். சில மாதத்தில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே மயிரிழை போல விரிசல் ஓடி, டிஸ்க்கின் ஓரம் வரை போனது. அந்தக் கடையிலும் இதே போர்டு. அந்த போர்டு சட்டத்துக்கு முன் நிற்காது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகள் என்று ஒரு பட்டியலே தருகிறது. விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பது அதில் ஒன்று. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது இன்னொன்று. பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கேட்கலாம். உங்கள் கடைக்காரர் இரண்டையும் செய்திருக்கிறார். பில் போட்டால் வரி சேரும் என்று சொல்கிறவர் உங்களுக்குக் காசு மிச்சம் பிடித்துத் தரவில்லை, பிறகு வந்து கேட்க உங்கள் கையில் எதுவும் இல்லாதபடி பார்த்துக்கொள்கிறார். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிற எல்லாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். டூப்ளிகேட் பேடு ஊரில் விலைபோவதற்குப் பெரிய காரணம் பில் இல்லாத வியாபாரம்.

பில் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். யுபிஐயில் பணம் அனுப்பியிருந்தால் அதுவே சாட்சி. 'டிராக்குக்குத் தாங்கும்' என்று வாட்ஸப்பில் ஏதாவது சொல்லியிருந்தால் அது அதைவிடப் பெரிய சாட்சி, ஏனென்றால் ரேஸில் ஓட்டியதால் போனது என்று அவர் நாளைக்குத் தப்பிக்க முடியாது. பெயர்ந்த துண்டு, தகடு, பெட்டி எதையும் தூக்கிப் போடாமல் எல்லாக் கோணத்திலும் படமெடுங்கள். மிஞ்சிய மூன்று பேடையும் கழற்றி வையுங்கள், அதே காரில் ஓட்டாதீர்கள். ரூபாயைத் திரும்பக் கேட்டு 30 நாளுக்குள் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, அத்தாட்சிச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள், பல கடைக்காரர்கள் அங்கேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போடணும். பேடு விலையோடு டிஸ்க் கெட்ட செலவையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் சேர்த்துக் கேளுங்கள். எங்கேயாவது தடங்கல் வந்தால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ரேஸ் பேடு வாங்கிவிட்டேன். தினமும் ஆபீஸ் போவதற்கும் அதையே விட்டுவைக்கலாம் அல்லவா? நல்ல பேடு எங்கேயும் நல்லதுதானே?
– வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: இல்லை. முழு ரேஸ் பேடு சூடேறிய பிறகுதான் பிடிக்கும். காலையில் கிளம்பி முதல் திருப்பத்தில் மிதித்தால் பிடி குறைவாக இருக்கும், சத்தம் போடும், டிஸ்க்கையும் சீக்கிரம் தின்னும். சில்க் போர்டு நெரிசலில் முன்னால் போகிற ஸ்கூட்டர் திடீரென்று நின்றால் உங்களுக்குக் குளிர்ந்த பேடில்தான் பிடி வேண்டும். டிராக்குக்குப் போகும் வழியும் அப்படித்தான். கிருஷ்ணகிரி தாண்டி மழையில் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் பிரேக் தொடாமல் ஓடியபின் ஒரு லாரி குறுக்கே வரும். தினம் ஓடும் காருக்கு, தெருவுக்கும் டிராக்குக்கும் பொதுவாகச் செய்த பேடு போதும். எந்தப் பேடானாலும் போட்ட உடனே டிராக்கில் இறங்காதீர்கள். பேடு கம்பெனி சொன்ன முறையில், நிற்காமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து டிஸ்க்கோடு படியவைத்து, ஆறவிட்டு, அப்புறம் போங்கள்.

கேள்வி: ராத்திரி நைஸ் ரோட்டிலும் விடிகாலை நந்தி ஹில்ஸிலும் நண்பர்களோடு வேகமாக ஓட்டுவேன். அதற்கு எந்த பிரேக் நல்லது?
– பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: பதில் சொல்ல மாட்டேன். அது பொதுச் சாலை, அங்கே மற்றவர்கள் வருகிறார்கள்.

கேள்வி: பின்னால் டிரம். அதை டிஸ்க் ஆக்கித் தருகிறேன் என்கிறார்கள். இன்சூரன்ஸில் பிரச்சினை வருமா?
– வாசகர், விவேக் நகர்

பதில்: இன்சூரன்ஸ் இருக்கட்டும், முதலில் காருக்கே பிரச்சினை வரும். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது, அதனால் வேலையில் பெரும்பகுதி முன் சக்கரத்துடையது. முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு என்று கம்பெனி பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பங்கு கலைந்து பின் சக்கரம் முதலில் வழுக்க ஆரம்பித்தால் வளைவில் கார் சுழன்றுவிடும். டிரம்முக்குள் உராயும் ஷூ தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், அட்ஜஸ்ட் செய்யுங்கள், அத்தோடு சரி.

இன்சூரன்ஸ் பற்றி எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள்: நம் நாட்டு வாகன பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்குக் காப்பு இல்லை என்று வழக்கமாகவே போட்டிருக்கும். டிராக்கில் இடித்தால் செலவு உங்களுடையது என்று வைத்துக்கொண்டே போங்கள். பிரேக்கை மாற்றியதை இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் ரோட்டில் நடக்கிற விபத்துக்கும் கிளைமில் இழுத்தடிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. முதல் சம்பளத்தில் பழைய போலோ வாங்கினான். டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறான். பிரேக்குக்கு 60,000 ரூபாய் கேட்கிறான். கொடுக்காவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு அம்மா, ஸ்ரீராமபுரம்

பதில்: அம்மா, ரோட்டில் வேகம் காட்டாமல் டிராக்குக்குப் போகணும் என்று நினைக்கிற பிள்ளை. ஆசையைத் தடுக்காதீர்கள், தொகையை மட்டும் குறையுங்கள். பழைய கார் என்பதால் முதலில் நல்ல மெக்கானிக்கிடம் நாலு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே நில்லுங்கள். காலிப்பரில் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா, பிஸ்டன் தடையில்லாமல் நகர்கிறதா, டிஸ்க்கில் விளிம்பு கட்டியிருக்கிறதா, மூன்றையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தேவையான ரிப்பேர், புது ஆயில், நல்ல பேடு, இவற்றுக்கு மட்டும் பில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள். மிச்சத்தில் தரமான ஹெல்மெட் வாங்கி, முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தரும் பயிற்சியாளர் இருக்கிற டிராக் டேயாகப் பார்த்து அனுப்புங்கள். கழற்றிய பழைய பேடு பாதிக்கு மேல் இருந்தால் டிக்கியில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், டிராக்கில் புதுசு தீர்ந்துவிட்டால் அதை மாட்டிக்கொண்டு மெதுவாக வீடு வந்து சேரலாம்.