மசாஜில் எது எதற்கு நல்லது? குற்றாலத்தில் அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிடலாமா?

கேள்வி இது: "ஸ்வீடிஷ், தாய், டீப் டிஷ்யூ, ஆயுர்வேதம் என்று மசாஜில் ஏகப்பட்ட வகை சொல்கிறார்கள். எது எதற்கு நல்லது? சீசனுக்குக் குற்றாலம் வருகிறோம். அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு, சில மாதமாக இடது தோள் வலி. அங்கே எண்ணெய் மசாஜ் செய்துகொள்ளலாமா?"

செய்துகொள்ளலாம். ஆனால் அந்தத் தோளை ஒரு டாக்டர் பார்த்த பிறகு. அப்புறம், யார் கேட்டாலும் கழுத்தைச் சொடுக்க விடாமல். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போகலாம், மற்றவர்களுக்கு மீதியைச் சொல்கிறேன். நான் பாளையங்கோட்டையில் பிசியோதெரபி பார்க்கிறவன். மசாஜுக்கு எதிரி இல்லை, தினமும் என் கையே அதைத்தான் செய்கிறது. என் கட்சி ஒன்றுதான்: மசாஜ் கொடுப்பது ஆறுதல், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. அந்தக் கொஞ்ச நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில்தான் குணமாவதும் ஆகாததும் இருக்கிறது. வகையின் பெயருக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

முழங்கை நிலைப்படியில் இடித்தால் உடனே தேய்த்துக்கொள்கிறோம், வலி கொஞ்சம் அடங்குகிறது. யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை. தொடுகையைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது, வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் சேதி முதுகுத்தண்டிலேயே ஓரளவு தடுக்கப்படுகிறது என்று மெல்சாக்கும் வாலும் 1965இல் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தக் கருத்தில் எவ்வளவோ திருத்தம் வந்துவிட்டது, ஆனாலும் அடிப்படை இன்னும் நிற்கிறது. இதோடு மூச்சு சீராகும், நாடித்துடிப்பு இறங்கும், விறைத்த தசை தளரும். மசாஜ் முடிந்து எழுந்திருக்கும்போது வரும் அந்தச் சொக்கு இதனால்தான். உடம்பிலிருந்து நச்சு வெளியேறியதால் இல்லை. அந்த வேலைக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. தொப்பையும் இதில் கரையாது.

நம்மூர் முறையிலிருந்தே தொடங்குகிறேன். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர், 32 வகைப் புறமருந்துகளில் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது விதம். ஸ்வீடிஷ் மசாஜில் தடவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வு கொடுத்தல் என்று ஐந்து. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே சமாச்சாரம். மனிதக் கை ஒரு மனித முதுகில் வேறென்ன செய்துவிட முடியும்? வித்தியாசம், எண்ணெயிலும் அழுத்தத்திலும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதிலும்தான்.

தொக்கணத்தை முறையாகப் பார்க்க வேண்டுமென்றால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். 1964இல் தொடங்கியது. புறநோயாளிப் பிரிவில் நாடி பார்த்து, எந்த எண்ணெய் என்று முடிவு செய்து, உளுந்துத் தைலமோ வாதகேசரித் தைலமோ போட்டு நீவுவார்கள். நொச்சி இலையை வதக்கி ஒற்றடமும் கொடுப்பார்கள். வர்மம் தனிக் கலை. உடம்பில் 108 வர்மப் புள்ளிகள் என்று கணக்கு. நம் பக்கத்தைவிட நாஞ்சில் நாட்டு ஆசான்களிடம்தான் அது நிலைத்து நின்றது. முறையாகக் கற்றவரிடம் போனால் சரி. யூடியூப் பார்த்துவிட்டு அமுக்குகிறவரிடம் போக வேண்டாம்.

இனி குற்றாலம். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டாலும் எங்கள் வாயில் அது இன்னும் திருநெல்வேலிச் சீமைதான். சீசனில் மெயின் அருவிப் பக்கம் நடந்தாலே "அண்ணாச்சி, எண்ணெய் தேய்ச்சுக்கிடுதியளா?" என்று குரல் வரும். ஒரு பலகை, ஒரு பழைய துண்டு, பாட்டிலில் நல்லெண்ணெய், அவ்வளவுதான் கடை. முதலில் உச்சியில் ஒரு கை எண்ணெயை வைத்து, இரண்டு உள்ளங்கையையும் குவித்து டப் டப் என்று தட்டுவார். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே இழுப்பு. விரல் ஒவ்வொன்றிலும் சொடக்கு. முதுகில் முழங்கையை வைத்து ஏறுவார். நல்ல கைகாரர் அகப்பட்டால் சொர்க்கம்தான், மறுக்கவில்லை. சாரலில் நனைந்துகொண்டே எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் சுகம் எந்த ஏசி அறையிலும் வராது.

கடைசியில் வருவதுதான் வம்பு. தாடையை ஒரு கையிலும் பின்மண்டையை ஒரு கையிலும் பிடித்து, சட்டென்று ஒரு திருப்பு. கடக்! நம்மூர் சலூன்களிலும் முடிவெட்டி முடித்ததும் இதே உபசாரம் உண்டு. கழுத்தெலும்புகளின் துவாரங்கள் வழியாகத்தான் மூளைக்குப் போகும் இரண்டு ரத்தக்குழாய்கள் ஏறுகின்றன. திடீர்த் திருப்பில் அதன் உள்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான். ஆனால் ஒரு கடக் சத்தத்துக்காக அந்த அபூர்வத்தில் ஒருவராக வேண்டிய அவசியம் யாருக்கு? உட்காரும்போதே "கழுத்தைத் திருப்பாதிய அண்ணாச்சி" என்று சொல்லிவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று. அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பூ போட்டுக் குளிக்கத் தடை இருக்கிறது. எண்ணெயை அறையில் சீயக்காய் போட்டு எடுத்துவிட்டு அருவிக்குப் போங்கள். பாறையில் எண்ணெய் படிந்தால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார்.

செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப்பக்கம் போனால் கேரள ஆயுர்வேதம். அப்யங்கம் என்பது உடம்பு முழுக்க எண்ணெய் தேய்ப்பது. பிழிச்சிலில் வெதுவெதுப்பான தைலத்தைத் துணியில் நனைத்து உடம்பின்மேல் பிழிந்துகொண்டே இருப்பார்கள். நவரக்கிழியில் நவரை அரிசியைப் பாலிலும் குறுந்தொட்டிக் கஷாயத்திலும் வேகவைத்து, துணியில் முடிந்து ஒற்றுவார்கள். மூட்டு இறுக்கத்துக்கு அந்தச் சூடு இதமாக இருக்கும். ஆனால் உங்கள் அப்பா மாதிரி சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கிழியோ ஒற்றடமோ, சூட்டைச் சோதிப்பது அவர் காலாக இருக்கக் கூடாது, உங்கள் கையாக இருக்கட்டும். கொப்புளம் வந்தபிறகு ஆறாத புண்ணாகி எங்களிடம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்ற பெயர்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். தாய் மசாஜ் தாய்லாந்து முறை, அதில் எண்ணெய் கிடையாது. தரையில் பாய் விரித்து, உடுத்த துணியோடு கைகாலை இழுத்து வளைப்பார்கள். யோகாவை அடுத்தவர் நமக்காகச் செய்துவிடுவது போல. 2019இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உடம்பு வளைகிறவர்களுக்குச் சுகம், எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கு வேண்டாம். ஷியாட்சு ஜப்பான் முறை, விரலால் அழுத்துவது. பாத ரிஃப்ளெக்ஸாலஜியில் உள்ளங்காலில் கல்லீரல், கணையம் என்று படம் போட்டிருப்பார்கள். கால் பிடித்துவிட்டால் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் பாதத்தை அழுத்திச் சர்க்கரை குறைந்தது என்பதை நான் நம்பவில்லை. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் கை வீங்குகிறவர்களுக்கு நிணநீர் வடிப்பு மசாஜ் என்று ஒன்று உண்டு. தோலை மட்டும் நகர்த்துகிற அளவுக்கு மெல்லிசாகச் செய்வது. கட்டுப் போடுவது, உடற்பயிற்சி இவற்றோடு சேர்த்து, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வைத்தியம் அது, ஸ்பா வேலை இல்லை.

டீப் டிஷ்யூ, அதாவது தசையின் ஆழம்வரை அழுத்திப் பிடிப்பது, அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மாட்களுக்கு அது பிடிக்கும். வலிக்க வலிக்கப் பிடித்தால்தான் குணமாகும் என்று ஒரு நம்பிக்கை. அப்படி இல்லை. வலி ரொம்ப அதிகமானால் உடம்பு தசையை இன்னும் இறுக்கிக்கொள்ளும்.

ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கத்திலிருந்து எங்களிடம் வருகிறவர்களில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். சுளகை (முறத்தை) மடியில் வைத்து, தலையைக் குனிந்து, இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டி, நாள் முழுக்க அப்படியே. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால் நடுவில் எழுந்திருக்க மனசு வராது. வலி எல்லோருக்கும் அநேகமாக ஒரே இடம்தான்: கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில், தொட்டால் நெல்லிக்காய் அளவு உருளும் கட்டி. அப்படி வந்த ஓர் அம்மாவுக்கு, கூட வந்த மருமகளிடமே அதைச் சொல்லிக்கொடுத்தேன். கட்டியின்மேல் கட்டைவிரலை வைத்து, தேய்க்காமல், அரை நிமிடம் சும்மா அழுத்திப் பிடிக்க வேண்டும். "இன்னும் அழுத்தவா அத்தை?" "நல்லா அழுத்துட்டி, அங்கதான், அங்கதான்." விரலுக்கடியில் அந்த இறுக்கம் இளகியதும் மருமகள் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த இளக்கம் எவ்வளவு நேரம் நிற்கும்? மறுநாள் மறுபடி சுளகுக்குமுன் குனிகிற வரைதான். அதனால் கை எடுத்த சூட்டோடு தோளைப் பின்னால் சுழற்றுவது, தாடையை உள்ளே இழுப்பது என்று இரண்டு பயிற்சி. சுளகுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து உயர்த்திக்கொள்ளவும் சொன்னோம். அந்த அம்மா தலையணையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார், பயிற்சியை விட்டுவிட்டார். அதுவே போதுமான அளவு கேட்டது. முதுகுவலிக்கும் இதே கதைதான். புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் ஒற்றடம், மசாஜ் போன்றவற்றைப் பார்க்கலாம் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சிதான் முன்னால் நிற்கிறது.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இடது தோள், சர்க்கரை, 62 வயது. படியேறினால் வலி கூடி, நின்றால் குறைகிறதா? கூடவே வியர்வை, மூச்சிரைப்பு உண்டா? இருந்தால் குற்றாலத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஈசிஜி. சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும். அது இல்லை, கையை மேலே தூக்க முடியவில்லை, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுத்தால் வலிக்கிறது என்றால் உறைந்த தோளாக இருக்க வாய்ப்பு அதிகம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். எண்ணெய் போட்டு நீவினால் வலி அடங்கும், தோள் திறக்காது. அருவிக்கரையில் யாராவது "இழுத்துவிட்டாச் சரியாப் போவும்" என்று கையைப் பிடித்து இழுக்க வந்தால் அந்தத் தோளைத் தொட விடாதீர்கள். மற்ற இடமெல்லாம் தேய்க்கட்டும்.

பஸ்ஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து வருகிறீர்கள் என்றால் ஒன்று: இறங்கியபின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலித்தால் அதை யாரும் நீவக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம். நேராக ஆஸ்பத்திரி. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எண்ணெய் தேய்க்கிறவரிடம் அதைச் சொல்லி, அழுத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

உறைந்த தோள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால், எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்து வந்ததும், தோள் சூடாக இருக்கும்போதே, லாட்ஜ் சுவருக்கு எதிரே நிற்கச் சொல்லுங்கள். இரண்டு விரலால் சுவரில் மெல்ல மேலே நடக்க வேண்டும், வலி தொடங்கும் இடத்தில் நின்று, பத்து எண்ணி, இறங்க வேண்டும். ஊருக்குத் திரும்பியபின் வீட்டுச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு, வாரத்துக்கு ஒரு தடவை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மாதமாகியும் கோடு அசையவில்லை என்றால் உங்கள் ஊரிலேயே ஒரு பிசியோதெரபிஸ்டைப் போய்ப் பாருங்கள்.