ஏப்ரல் 22 பத்தி கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணா, பூமி தினத்துக்கு ஏன் ஏப்ரல் 22? அன்னைக்கு என்ன விசேஷம்?

பதில்: ஒண்ணும் இல்ல தம்பி. 1969 ஜனவரில கலிபோர்னியால சாண்டா பார்பரா கடல்ல எண்ணெய் கசிஞ்சு கரையெல்லாம் கருப்பாயிடுச்சு, அதை நேர்ல பாத்துட்டு வந்த செனட்டர் கேலார்ட் நெல்சன் காலேஜ் பசங்கள கூட்டி சுற்றுச்சூழலுக்காக ஒரு நாள் நடத்தலாம்னு கிளம்பினாரு, பசங்க வரணும்னா லீவும் இருக்கக்கூடாது பரீட்சையும் இருக்கக்கூடாதுல்ல, ரெண்டுக்கும் நடுவுல சிக்கின புதன்கிழமை 1970 ஏப்ரல் 22. சுமார் 2 கோடி பேர் இறங்கினாங்க.

கேள்வி: லெனின் பொறந்தநாள்னுதான் வச்சாங்களாமே?

பதில்: லெனினோட 100வது பொறந்தநாளும் அன்னைக்குத்தான், அது நிஜம். அமெரிக்காவுல அப்பவே சிலர் கம்யூனிஸ்ட் சதின்னு கத்தினாங்க. சும்மா கதை.

கேள்வி: சார், டீப்வாட்டர் ஹொரைசன்ங்கிற கடல் எண்ணெய் தோண்டுற மேடை வெடிச்சது பூமி தினத்தன்னைக்கா?

பதில்: வெடிச்சது 2010 ஏப்ரல் 20 ராத்திரி, 11 பேர் செத்தாங்க. எரிஞ்சுக்கிட்டே இருந்து 22ம் தேதி மெக்சிகோ வளைகுடாவுல மூழ்கிச்சு, அன்னைக்கு பூமி தினம் ஆரம்பிச்சு சரியா 40 வருஷம். 1500 மீட்டர் ஆழத்துல கிணறு, 87 நாள் கழிச்சு ஜூலை 15தான் அடைச்சாங்க, அதுக்குள்ள சுமார் 49 லட்சம் பீப்பாய் வெளிய வந்துடுச்சுன்னு அமெரிக்க அரசு கணக்கு. இன்னொண்ணு யாரும் பேசறதில்ல, 1977ல அதே ஏப்ரல் 22, நார்வேயோட வடகடல்ல எக்கோஃபிஸ்க் பிராவோங்கிற எண்ணெய் மேடைலயும் எண்ணெய் பீறிட்டுச்சு. யாரும் சாகல, ஒரு வாரத்துல அடைச்சுட்டாங்க.

கேள்வி: அப்போ ராசியில்லாத தேதியா அண்ணே? 😀

பதில்: எண்ணெய்க்கிணறு காலண்டர் பாக்காதுப்பா. எந்தத் தேதிய எடுத்தாலும் ரெண்டு மூணு தேறும்.

கேள்வி: எண்ணெய்க்கிணறு தவிர வேற ஏதாவது?

பதில்: 1992, மெக்சிகோல குவாதலஹாரா. எனக்கு இதுதான் ரொம்ப கோவம் வர்ற கேஸ். பெட்ரோல் போற இரும்புக்குழாய்க்கு மேலயே துத்தநாகம் பூசின தண்ணிக்குழாயப் போட்டுட்டாங்க, ஈரமண்ணுல ரெண்டு உலோகமும் ஒட்டி இருந்தா அரிக்கும்ல, அப்படி ஓட்டை விழுந்து பெட்ரோல் சாக்கடைக்குள்ள இறங்கிடுச்சு. நாலஞ்சு நாளாவே ஜனங்க நாத்தம் வருதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, ஆனா ஊரைக் காலி பண்ணல. 22ம் தேதி காலைல பத்து மணிக்கு மேல தெருத்தெருவா வெடிச்சு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ரோடு பிளந்துச்சு, 200 பேருக்கு மேல போயிட்டாங்க. மெட்ரோ வேலைக்காக சாக்கடையத் திருப்பி கீழ வளைச்சு விட்டிருந்தாங்க, அதுல தண்ணி போகும் பெட்ரோல் ஆவி போகாது, அங்கயே தேங்கிடுச்சு.

கேள்வி: பருவநிலை மாற்றத்துக்கான பாரிஸ் ஒப்பந்தமும் இதே தேதிதானே?

பதில்: ஒப்பந்தம் முடிவானது பாரிஸ்ல 2015 டிசம்பர் 12. கையெழுத்துக்கு நியூயார்க் ஐ.நா.வுல 2016 ஏப்ரல் 22னு பூமி தினத்தப் பாத்தே வச்சாங்க, ஒரே நாள்ல 175 தரப்பு போட்டாங்க. அமலுக்கு வந்தது நவம்பர் 4.